வியாழக்கிழமை பஸ்

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஜோனெட்டா தன் கில்போவா சபை போடும் நாடகத்தின் டிக்கெட்டுகளை வைத்ததும், அம்மா அர்சூலா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் "நான் வரேன்" என்றாள். ஜோனெட்டாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளுடைய அண்ணன் க்ளோவிஸுக்கும் அக்கா இமோஜினுக்கும் அன்றோடு தூக்கம் போயிற்று.

கில்போவா சபையின் படியை அம்மா மிதித்து ஐம்பது வருஷம் ஆகிறது. கடைக்குட்டி ஜோனெட்டா அந்தச் சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே உறுப்பினராகவும் ஆனபோது, கல்யாணத்தன்று காலையில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. பேரனின் ஞானஸ்நானத்துக்கு முழங்கால் வலி. அம்மாவின் நோயெல்லாம் எங்கள் சபை வாசலில்தான் குடியிருக்கிறது என்று ஜோனெட்டா கேலி பேசுவாள்.

காரணம் அவளுக்குத் தெரியாது. அவள் பிறந்ததே எல்லாம் முடிந்த பிறகு. மான்ட்காமரி பஸ்களில் கறுப்பரைப் பின்னால் தள்ளியதை எதிர்த்து நம் ஜனங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் வேலைக்கும் கடைக்கும் நடந்தே போனார்களே, அந்தக் காலத்தில் அம்மா வியாழக்கிழமைகளில் பஸ் ஏறினாள்.

ஏழு வயது க்ளோவிஸ் அப்போது காலில் எலும்பு அழுகி, ஊரின் மறுகோடி மருத்துவமனையில் கிடந்தான். கறுப்புப் பிள்ளைகளைப் பார்க்க வியாழன் மத்தியானம் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். சமையல் வேலை பார்த்த வீட்டில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நடந்தால் அதற்குள் போய்ச் சேர முடியாது. நம் ஆட்கள் ஓட்டிய கார்கள் காலையிலும் மாலையிலும்தான் அந்தப் பக்கம் போகும். அம்மா ஒரு வாரம் நடந்து பார்த்தாள். போவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பையன் அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பியவள், அடுத்த வாரம் பஸ் ஏறிவிட்டாள்.

யாரோ சபையில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஜெபக் கூட்டங்களிலும் வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் ஊழியம் அம்மாவுக்கு இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். யார் சொன்னது என்று க்ளோவிஸ் எப்போது கேட்டாலும், "யாராவது பஸ்ல பாத்திருப்பாங்கடா" என்று முடித்துவிடுவாள். க்ளோவிஸ் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். எதிர்வீட்டுச் சபைக்காரி சிஸ்டர் பிங்க்ஸ்டன்தான். அந்த அம்மாள் சாகும்வரை அவளுக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை. சாவுக்கும் போகவில்லை.

பஸ் ஏறாமல் நடந்த அந்த வருஷத்தைப் பற்றிய நாடகம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை. அம்மா சாயங்காலக் காட்சிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் மத்தியானக் காட்சியை நாம் போய்ப் பார்த்துவிடுவோம், அம்மா மனசு நோகிற மாதிரி ஏதாவது இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்றான் க்ளோவிஸ். இமோஜின் தலையாட்டினாள். வழி நெடுக அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

*

சபைக் கூடம் நிரம்பி வழிந்தது. நம் ஜனங்கள் நாடகம் பார்க்கிற அழகே தனி. மேடையில் பத்துப் பேர் நடித்தால் கீழே முந்நூறு பேரும் சேர்ந்து நடிப்பார்கள். திரை விலகியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

நாடகத்தின் பெயர் 'நடந்தோம்'. முதல் காட்சியில் சலவைக்காரப் பெண் ஒருத்தி ஓட்டை விழுந்த செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினாள். "பாத்துப் போம்மா" என்றது பின்வரிசைக் கிழவர் குரல். நம் ஆட்களை ஏற்றிப்போன காரைப் போலீஸ்காரன் மடக்கி அபராதச் சீட்டுக் கிழித்தபோது கூடம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. மழையில் ஒரு கிழவி நடந்தாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முன்வரிசைப் பெண்கள் விசிறியை வேகமாக ஆட்டினார்கள். க்ளோவிஸுக்கே கண் கலங்கிவிட்டது. பரவாயில்லை, நல்ல நாடகம்தான், அம்மா பார்க்கலாம் என்று நினைத்தான்.

பிறகு நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு பஸ் ஆக்கினார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவன் டிரைவராக முன்னால் உட்கார்ந்தான். அந்தக் காலியான பஸ்ஸுக்குள், வயிற்றில் தலையணை கட்டி, தொப்பியில் இறகு செருகி, அடிமேல் அடி வைத்து ஜோனெட்டா நுழைந்தாள்.

வாய் திறப்பதற்கு முன்பே கைதட்டல்.

"எங்க கிளம்பிட்டீங்க, மிஸ் டூலிப்?" என்று கையிலிருந்த நாடகத் தாளில் பெயரைப் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"சத்தம் போடாதடி. போதகர் காதுல விழப்போவுது" என்று மேடையிலிருந்தே பதில் கொடுத்தாள் ஜோனெட்டா. "எல்லாரும் நட நடங்கிறாங்க. கர்த்தர் எனக்கு முழங்கால் குடுத்ததே உக்காரும்போது மடக்கத்தான்."

கூடம் குலுங்கியது. க்ளோவிஸும் சிரித்தான். தங்கச்சிக்கு இவ்வளவு வருமா என்று பெருமையாக இருந்தது. பக்கத்திலிருந்தவரிடம், "என் தங்கச்சிங்க" என்றுகூடச் சொன்னான்.

மிஸ் டூலிப் பின்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மெதுவாக, மெதுவாகச் சரிந்து, கழுத்துவரை கீழே இறங்கி, கைப்பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

க்ளோவிஸின் சிரிப்பு நின்றுபோயிற்று.

அது அம்மா. காரில் எப்போது இந்தத் தெருவைக் கடந்தாலும் அம்மா இப்படித்தான் சரிவாள். இதே மாதிரி கைப்பையைத் தூக்குவாள். வெயில் படுகிறது என்பாள். பின் சீட்டிலிருந்து சின்ன வயது முதல் பார்த்துப் பார்த்து ஜோனெட்டாவுக்குப் பழகிப்போன காட்சி. அம்மாவின் ஒரு பழக்கம் என்று நினைத்து, சிரிப்பு வரும் என்று எடுத்துப் போட்டிருக்கிறாள். சிரிப்பும் வந்தது. யாரை நடிக்கிறோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

விஷயம் தெரிந்த ஓரிரு பழைய ஆட்கள் கூடத்தில் இருந்திருக்கலாம். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த காட்சி புதன்கிழமை ஜெபக் கூட்டம். யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் கேட்டார். ஒருத்தர் வேலைக்காகக் கேட்டார், ஒருத்தர் மாமியாருக்காகக் கேட்டார். பிறகு சிவப்பு ரிப்பன் கட்டிய சின்னப் பெண் ஒருத்தி பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"எங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க. எங்கம்மா வியாழக்கிழமை வியாழக்கிழமை பஸ்ல போறாங்க."

பக்கத்தில் இருந்த மிஸ் டூலிப் மூர்ச்சையாகி பெஞ்சிலிருந்து உருண்டாள். கூடத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. "அடிப்பாவி மகளே, உன்னைப் பெத்ததுக்கு" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

க்ளோவிஸ் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை. அது அவனைப் பார்க்க வரும் நாள். அதைத் தெரிந்த ஒரு சின்னப் பெண் இந்த உலகத்தில் ஒருத்திதான். மெல்லத் திரும்பிப் பக்கத்தில் பார்த்தான்.

அக்கா மடியில் கை கோத்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நாடகம் முடியும் முன்பே க்ளோவிஸ் எழுந்து காரை நோக்கி நடந்தான். அந்த நோயில் நொண்டிப்போன கால் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தது. இமோஜின் இரண்டடி பின்னால் வந்தாள்.

"நீதானா?" என்றான்.

"ஆமா."

"அந்த பிங்க்ஸ்டன் அம்மா இல்லையா?"

"இல்ல. அவங்க வாயே திறக்கல."

க்ளோவிஸ் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "முப்பது வருஷம் அந்த அம்மா முகத்துல முழிக்காம நடந்திருக்கேன்க்கா. கையில கேக் வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க ஒரு கிறிஸ்மஸுக்கு. கதவைச் சாத்தினேன்."

"தெரியும். ஜன்னல் வழியா பாத்தேன்."

"அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

தார் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. கூடத்துக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கடைசிக் காட்சி வந்துவிட்டது போலிருக்கிறது.

"ஒம்போது வயசு எனக்கு" என்றாள் இமோஜின். "போட்டுக் குடுக்கணும்னு சொல்லலடா. ஜெபம் பண்ணுங்கன்னுதான் கேட்டேன். வியாழக்கிழமை வந்தா அம்மா சமையல்கட்டுல முகத்தைத் துணியால பொத்திக்கிட்டு அழுவா. ஜெபம் பண்ணா எல்லாம் சரியாப் போகும்னு அவளே தானே சொல்லிக் குடுத்தா. நம்ம சபைதானே, நம்ம ஆளுங்கதானேன்னு எழுந்து நின்னுட்டேன். என் தம்பி க்ளோவிஸுக்குக் கால்ல கத்தி வைக்கப் போறாங்க, எங்கம்மா அவனைப் பாக்க பஸ்ல போயிட்டு வந்து அழறாங்க, ரெண்டு பேருக்கும் ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னேன்."

"ரெண்டு பேருக்குமா?"

"உன் பேரை முதல்ல சொன்னேன்டா. அதை மட்டும் யாரும் கதையில வைக்கல."

ஐம்பது வருஷமாக இந்தச் சபையில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு வேடிக்கைக் கதை. அதிலிருந்து எப்போதோ யாரோ அவனை உதிர்த்துவிட்டார்கள். மகன் இல்லாத கதையில் அம்மா வெறும் சோம்பேறிப் பொம்பளையாக நிற்கிறாள்.

"அம்மா அப்ப எங்க இருந்தா?"

"என் பக்கத்துலதான். கையுறை போட்டிருந்தா. நான் உக்காந்தப்புறம் யாரும் ஜெபம் பண்ணல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்மா நேரா முன்னால பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வந்து சோறு போட்டா. ஏன்டி சொன்னன்னு அன்னிக்கும் கேக்கல, இன்னிவரைக்கும் கேக்கல." இமோஜின் குரல் உடைந்தது. "ரெண்டு அறை விட்டிருந்தா நான் எப்பவோ பிழைச்சிருப்பேன்டா."

கோபப்படத்தான் நினைத்தான் க்ளோவிஸ். யார் மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன பிங்க்ஸ்டன் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. ஒன்பது வயதுப் பெண்ணை அடிக்கவும் முடியாது. அம்மா ஏறியது அவனைப் பார்க்கத்தான். அவன் அழாமல் இருந்திருந்தால் அம்மா ஏறியிருக்கவே மாட்டாளோ என்ற எண்ணம் இந்த வயதிலும் வந்து அவனைக் கடித்தது.

"சாயங்காலம் அம்மா வரக்கூடாது" என்றான். "வா, முதல்ல ஜோனெட்டாகிட்ட சொல்லணும்."

*

கூடத்துக்குப் பின்னால் சாப்பாட்டு அறை. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. ஜோனெட்டா இன்னும் வயிற்றுத் தலையணையை அவிழ்க்காமல், கையில் கேக்குடன், சுற்றி நின்றவர்களின் புகழ்ச்சியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எப்படி? நான் உருண்டது பாத்தியா? ஒத்திகையில அது கிடையாது. நானாச் சேத்தேன்."

"கொஞ்சம் தனியா வா" என்றான் க்ளோவிஸ்.

கோட்டு மாட்டும் சின்ன அறையில் வைத்துச் சொன்னார்கள். க்ளோவிஸ் பாதி சொன்னான், இமோஜின் மீதியைச் சொன்னாள். ஜோனெட்டாவுக்கு முதலில் ஏறவில்லை.

"எந்த மிஸ் டூலிப்? அது சும்மா கதைதானே. பிரதர் டாலிவர் இங்க யாரோ சொல்லக் கேட்டு எழுதினாரு. அவரே வெளியூர்க்காரர்."

"யாரோ சொன்னதுதான். நம்ம அம்மாவைப் பத்திச் சொன்னது."

ஜோனெட்டா கேக்கை அங்கிருந்த அலமாரியில் வைத்தாள். தலையணையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. இமோஜின் குனிந்து அவிழ்த்துவிட்டாள்.

"அந்தக் கைப்பை" என்றாள் ஜோனெட்டா. "ஐயோ அக்கா. அம்மா வெயிலுக்குன்னு தானே சொல்லுவா."

"ஆமா, அப்படித்தான் சொல்லுவா."

"நான் ஏற மாட்டேன். இன்னிக்கு நாடகம் கிடையாது."

அவள் போய் பிரதர் டாலிவரிடம் அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் முழு நாடகத்திலும் ஜனங்கள் சிரிக்கிற ஒரே இடம் அதுதான், அதை எடுத்தால் அழுதே செத்துவிடுவார்கள் என்றார். வேண்டுமானால் வேறு யாரையாவது போடட்டுமா என்றும் கேட்டார். அம்மாவை வேறொருத்தி நடிப்பதை நினைத்ததும் ஜோனெட்டா திரும்பி வந்துவிட்டாள்.

சரி, அம்மாவைத் தடுப்போம் என்று இமோஜின் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அங்கே ஆள் இல்லை.

சாயங்காலக் காட்சிக்கு அம்மா ஏற்கெனவே வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஜோனெட்டாவின் கணவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருந்தான். ஊதா உடுப்பு, அதே நிறத்தில் தொப்பி. எண்பத்து மூன்று வயதில் முதுகு கொஞ்சம் வளைந்திருந்ததே தவிர, தலை வளையவில்லை. சின்னப் பெண் ஒருத்தி வெள்ளைக் கையுறையுடன் வந்து, "வாங்க பாட்டி, உங்களுக்கு எடம் காட்டறேன்" என்றாள். அம்மா அந்தக் கையுறையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எனக்கு எடம் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் மூவரும் நின்ற பக்கம் வந்தாள்.

"ஏன் மூணு பேரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?"

க்ளோவிஸ்தான் ஆரம்பித்தான். "அம்மா, வீட்டுக்குப் போயிடலாம். இதுல ஒரு காட்சி..."

"தெரியும்டா" என்றாள் அம்மா. "இவ மூணு வாரமா என் சமையல்கட்டுல தானே ஒத்திகை பாத்தா. வசனம் மறந்தப்பல்லாம் எடுத்துக் குடுத்ததே நான்தான்."

ஜோனெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ சிரிச்சியேம்மா."

"நல்லா நடிச்ச. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

"தெரிஞ்சும் ஏம்மா வந்த?"

"என் பொண்ணு நடிக்கிறா. நான் வராம வேற யாருடி வருவா?" அம்மா அவள் தொப்பியிலிருந்த இறகை நேராக்கினாள். "போ, போய்த் தலையணையைக் கட்டு. அரை மனசா நடிச்சா ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோவும்."

ஜோனெட்டா நகரவில்லை. கண்ணீர் ஒப்பனையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒன்னு மட்டும் தப்பு" என்றாள். "சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். நீ போய் உக்காந்துக்கற. நான் உக்காரல."

"என்னம்மா?"

"அந்த பஸ்ஸுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. பஸ் பூரா காலிதான். உக்காரு உக்காருன்னு டிரைவர் கத்துவான். எல்லாரும் நடக்கறாங்களே, எனக்கு மட்டும் எப்படி உக்கார மனசு வரும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேதான் போனேன். வரும்போதும் நின்னுட்டேதான் வந்தேன்."

இதை அம்மா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு.

"சரி, விளக்கை அணைக்கப் போறாங்க. என்னை உக்கார வைங்க" என்றாள் அம்மா.

*

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அம்மா நடுவில், இடது பக்கம் க்ளோவிஸ், வலது பக்கம் இமோஜின். சலவைக்காரப் பெண் அட்டையை மடித்துச் செருப்பில் வைத்தாள். கிழவி மழையில் நடந்தாள். அம்மா மற்றவர்களைப் போலவே விசிறியை ஆட்டிக்கொண்டு, "ஆமா, அப்படித்தான் மழை பேஞ்சுது" என்றாள்.

பஸ் வந்தது. ஜோனெட்டா நுழைந்ததும் சாயங்காலக் கூட்டமும் கைதட்டியது. யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் பதில் கொடுக்கவில்லை. முழங்கால் வசனத்தையும் சொல்லவில்லை. பின்வரிசைக்கு நடந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மேலே இல்லாத ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனங்கள் சிரித்தார்கள். ஏதோ பெரிய வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருக்கிற சிரிப்பு. ஜோனெட்டா நின்றுகொண்டே இருந்தாள். டிரைவராக நடித்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "உக்காரு" என்றான். அவள் உட்காரவில்லை. அவன் மறுபடி சத்தமாக, "உக்காரு" என்றான். சிரிப்பு ஓரத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் விசிறியை மடியில் வைத்தார். கடைசியில் எங்கோ ஒரு பையன் மட்டும் சிரித்தான், அவனையும் யாரோ அதட்டினார்கள். சுற்றிலும் காலி நாற்காலிகள். நடுவில் ஒரு பொம்பளை, தொப்பியில் இறகுடன், அழுதுகொண்டே நின்றாள்.

க்ளோவிஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அம்மா அவன் முதுகைத் தடவினாள்.

நாற்காலிகளை எடுத்து பெஞ்சு போட்டார்கள். புதன்கிழமை ஜெபக் கூட்டம். போதகர் ஜெப விண்ணப்பம் கேட்டார். சிவப்பு ரிப்பன் கட்டிய சின்னப் பெண் பெஞ்சின் மேல் ஏறினாள்.

மேடையைப் பார்த்தபடியே அம்மா வலது பக்கம் சாய்ந்தாள். ஐம்பது வருஷமாகப் பேசாத பேச்சு, குரல் கரகரத்தது.

"இமோஜின், அன்னிக்கு நீ ஜெபம் கேட்டியே, அதுக்கு முந்தின ராத்திரி நான்..."

பதில் வரவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் நாடகத் தாள் மட்டும் கிடந்தது. சின்னப் பெண் வாய் திறக்கும் முன்பே இமோஜின் எழுந்து போய்விட்டிருந்தாள்.